ஒரே காய்கறி, நான்கு சமையல் முறைகள்: எது தட்டில் மிஞ்சாமல் போகிறது?

காய்கறிகளைச் சமைக்கும் முறைகளை ஒப்பிடும் குறிப்புகள் பெரும்பாலும் எந்த முறையில் சத்து அதிகம் தங்குகிறது என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அது தேவையான கேள்விதான். ஆனால் நாள்தோறும் வீட்டில் சமைப்பவர் அதற்கு முன்பாகவே கேட்டுக்கொள்வது வேறொன்று: சமைத்து வைத்ததை வீட்டிலுள்ளவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்களா, அல்லது தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்களா? ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடமை உணர்ச்சியால் அந்த அளவை ஒரு வாரம் எட்டிவிடலாம். ஆண்டு முழுவதும் எட்டுவதற்கு அந்த உணவு நாக்குக்கும் பிடித்திருக்க வேண்டும். அதனால் நீரில் வேகவைத்தல், ஆவியில் வேகவைத்தல், வாணலியில் வதக்குதல், ஓவனில் சுடுதல் ஆகிய நான்கு முறைகளையும் சுவை, சத்து, வேலை என்ற வரிசையிலேயே இங்கு எடைபோடுகிறேன். சுவையை முதலில் வைத்தது வேண்டுமென்றே செய்ததுதான்.

நீரில் வேகவைத்தல்

நான்கில் மிக எளியதும், மிக அதிகமாகக் குறை சொல்லப்படுவதும் இதுவே. குறை சொல்வதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை நீரில் கரையும் சத்துகள். காயை நறுக்கிக் கொதிநீரில் போட்டவுடன் அவை வெப்பத்தால் சிதைவதோடு நீருக்குள்ளும் இறங்கத் தொடங்குகின்றன. கீரை, ப்ரோக்கோலி போன்றவற்றை நெடுநேரம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் வைட்டமின் சி பாதிக்கும் மேல் போய்விடுவதுண்டு. சத்தோடு சுவையும் அதே நீரில்தான் கரைந்து போகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேரட்டின் இனிப்பும் பீன்ஸின் பசுமணமும் வடிகட்டிய நீரில் தங்கிவிட, தட்டுக்கு வருவது ஈரமான சக்கை மட்டுமே. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைக் காய்களில் நிலைமை இன்னும் மோசம்: அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வேகும் நேரம் நீள நீளக் கடும் வாடையாக மாறுகின்றன. இந்தக் காய்களே பிடிக்காது என்று சொல்லும் பலர் உண்மையில் வெறுப்பது அளவுக்கு மீறி வெந்த வாடையைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் இம்முறையை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. பெரிய பாத்திரத்தில் நிறைய நீரைக் கொதிக்கவிட்டு, உப்பிட்டு, பச்சைக் காய்களைத் திறந்த நிலையில் இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் மட்டும் போட்டெடுத்தால் நிறம் பளிச்சென்று நிற்கும். பச்சையத்தைப் பழுப்பாக்குவது காயிலிருந்தே வெளிவரும் அமிலம். நிறைய நீர் அந்த அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கிறது, மூடாத பாத்திரம் அதில் ஒரு பகுதியை ஆவியோடு வெளியேற்றுகிறது. நிறத்தைக் காக்கச் சமையல் சோடா சேர்க்கும் பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். பச்சை நிறம் நிற்கும், ஆனால் காய் குழைந்துவிடும், வைட்டமின்களும் சிதையும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுந்த கீரைகளைப் பொறுத்தவரை, மருத்துவர் அதைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு நீரில் வேகவைத்து வடிப்பதே ஏற்றது. கரையும் ஆக்சலேட்டின் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். வேகவைத்த நீரையும் சேர்த்தே பருகும் சூப்புக்கு இழப்பு என்ற பேச்சே பெரும்பாலும் பொருந்தாது.

ஆவியில் வேகவைத்தல்

சத்தைக் காப்பதில் முதலிடம் ஆவிக்கே. காய் நீரைத் தொடாததால் கரைந்து போவது மிகக் குறைவு, வெப்பமும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. சிறிதளவு நீர் தெளித்து மூடி மைக்ரோவேவில் சில நிமிடங்கள் வைப்பதும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. நேரமும் நீரும் குறைவு என்பதால் வைட்டமின் சி அதில் நன்றாகவே தங்குகிறது. மைக்ரோவேவ் உணவின் சத்தையெல்லாம் அழித்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

சுவையில்தான் ஆவி தடுமாறுகிறது. சில ஆண்டுகள் நான் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் ஆவியில்தான் வேகவைத்துப் பரிமாறினேன். சத்துக் கணக்கு சரியாக இருந்தது, பாத்திரத்தில் மிஞ்சியதும் நிறைய இருந்தது. காரணம் பின்னர்தான் புரிந்தது. ஆவி காயின் இயல்பான சுவையை அப்படியே காக்கிறது; புதிதாக எந்தச் சுவையையும் அது உண்டாக்குவதில்லை. உப்புகூட உள்ளே இறங்குவதில்லை. புத்தம் புதிய, இளம் காயாக இருந்தால் அந்த இயல்பே போதும். குளிர்பெட்டியில் நான்கு நாள் கிடந்த காயை ஆவியில் வைத்தால் அதன் அசதி அப்படியே வெளிப்படும்.

இதைச் சரிசெய்ய ஆவியைக் கைவிட வேண்டியதில்லை, இறக்கிய பிறகு செய்யவேண்டிய வேலையை மறக்காமல் இருந்தால் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய பூண்டைப் பொன்னிறமாக்கி, மிளகுத்தூள் சேர்த்து, சூடான காயின் மேல் ஊற்றிப் பிரட்டினால் அது வேறு உணவாகிவிடுகிறது. அந்த எண்ணெய் வீண் கொழுப்பு என்று எண்ண வேண்டாம். கேரட்டிலும் கீரையிலும் உள்ள, உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. உணவில் சிறிதாவது கொழுப்பு இருந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி. நான்கு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து. எலுமிச்சைச் சாற்றை மட்டும் பரிமாறும் வேளையில் பிழிய வேண்டும், முன்கூட்டியே பிழிந்தால் அமிலம் பச்சை நிறத்தை மங்கவைத்துவிடும்.

ஓவனில் சுடுதல்

காய்கறியை வெறுப்பவரின் மனத்தை மாற்றும் ஆற்றல் எந்த முறைக்கு அதிகம் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். 200 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை சூடான ஓவனில், சிறிது எண்ணெய் புரட்டிய காலிஃபிளவரோ கேரட்டோ 25, 30 நிமிடங்கள் இருக்கும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. காயிலுள்ள நீர் வெளியேறுவதால் அதன் இனிப்பும் மணமும் செறிவடைகின்றன. மேற்பரப்பு உலர்ந்து ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டியதும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் முன்பு அந்தக் காயில் இல்லாத நூற்றுக்கணக்கான மணங்களையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டியின் மேலோட்டுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருவது இதே வினைதான். 100 டிகிரியைத் தாண்டாத நீரும் ஆவியும் இதற்கு வழிவிடுவதில்லை; அவற்றில் வெந்த காய் எவ்வளவு நேரம் வெந்தாலும் சிவக்காததன் காரணமும் அதுவே.

சத்துக் கணக்கில் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாதுக்களும் நார்ச்சத்தும் நீரில் கரைந்து போக வழியில்லாததால் காயிலேயே இருக்கின்றன. தக்காளியில் கணக்கு நமக்குச் சாதகமாகவே திரும்புகிறது, ஏனென்றால் எண்ணெயோடு சூடாக்கிய தக்காளியிலிருந்து லைக்கோபீன் என்ற நிறமியை உடல் சமைக்காத தக்காளியிலிருந்து பெறுவதைவிட எளிதாகப் பெறுகிறது. கவனம் தேவைப்படுவது உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து மிகுந்தவற்றில். 120 டிகிரிக்கு மேல் அவற்றில் அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கரும்பழுப்பு வரை விடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவது அதைக் குறைக்கும் எளிய வழி.

ஓவனின் குறை நேரமும் எரிசக்தியும். அடுப்பு சூடாகும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும், வெப்பமான நாளில் சமையலறையே அனலாகும். இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஏர் ஃப்ரையர் போதும். அது சூடான காற்றை விசிறியால் சுழற்றும் சிறிய ஓவன்தான், விரைவில் சூடேறுகிறது. எதில் சுட்டாலும் துண்டுகளை இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்புவது அவசியம். குவித்து வைத்தால் வெளியேறும் நீராவி நடுவிலேயே சிக்கி, சுட்டதுபோல் தொடங்கி அவித்ததுபோல் முடியும்.

வாணலியில் வதக்குதல்

அன்றாடத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இதை. பத்து நிமிடத்துக்குள் முடிகிறது, ஒரே பாத்திரம் போதும், காய் சிவந்து மணமும் சேர்கிறது. ஆனால் பலர் செய்யும் வதக்கலில் இந்த நன்மைகள் கிடைப்பதில்லை. வாணலி சூடாகும் முன்பே காயைக் கொட்டுவதும், கொள்ளளவு முழுவதையும் நிரப்புவதும் வெப்பத்தை இறக்கிவிடுகின்றன. காய் நீர் விட்டு, தன் நீரிலேயே வெந்து துவள்கிறது. பிறகு சுவை வரவில்லையென்று எண்ணெயையும் உப்பையும் கூட்டுகிறோம். வதக்கிய உணவு உடலுக்கு ஆகாது என்ற பெயர் வந்தது வதக்கலால் அன்று, இந்தக் கூடுதல் எண்ணெயால்.

நீண்ட நாள் சோதனைக்குப் பின் என் சமையலில் நிலைத்திருப்பது ஆவியையும் வதக்கலையும் ஒரே வாணலியில் இணைக்கும் வழி. நறுக்கிய காயோடு கால் கோப்பைக்கும் குறைவான நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மூடி மூன்று நிமிடம் வேகவிடுகிறேன். மூடியைத் திறந்து, மிஞ்சிய நீர் முழுவதும் வற்றும்வரை தீயை உயர்த்தி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓரங்கள் சிவக்கும்வரை அதிகம் கிளறாமல் விட்டுவிடுகிறேன். நீர் கொட்டப்படுவதில்லை, காய்க்குள்ளேயே வற்றிவிடுகிறது. உள்ளே வேகும் வேலையை ஆவி முடித்துவிடுவதால் சிவக்கவைக்க மட்டுமே எண்ணெய் தேவைப்படுகிறது. வேகாத நடுப்பகுதியும் கருகிய ஓரமுமாக முன்பு எனக்கு வந்துகொண்டிருந்த கேரட், பீன்ஸ் இரண்டுமே இம்முறையில் சீராக அமைந்தன.

உப்பைப் பொறுத்தவரை நான்கு முறைகளும் ஒன்றல்ல. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நீரிலும் ஆவியிலும் வெந்த காய் சப்பென்றிருப்பதால் கை உப்பை நோக்கிப் போகிறது; சிவந்த காய்க்குத் தன் சுவையே இருப்பதால் குறைந்த உப்பில் நிறைவு கிடைக்கிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அந்தச் சுவை பழுத்த தக்காளியிலும் காளானிலும் இயல்பாகவே உண்டு. வதக்கும்போது இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் உப்பைக் குறைத்தது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

பயறு வகைகள் இந்த ஒப்பீட்டுக்குள் முழுமையாக வருவதில்லை. அவற்றுக்கு நீர்தான் வழி; ஏறத்தாழ 120 டிகிரி வரை எட்டும் பிரஷர் குக்கர் அந்த நேரத்தைச் சுருக்குகிறது, அவ்வளவே. சிவப்பு ராஜ்மாவை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும் என்பதால், குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை மாற்றி, நன்கு கொதிக்கும் நிலையில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரம் இதற்கு ஏற்றதன்று.

வாரத்தில் ஐந்து நாள் மேற்சொன்ன இணைப்பு வதக்கலும், ஓய்வுள்ள இரண்டு நாள் ஓவனும் என்பது பொதுவாக என் பங்கீடு. ஓவன் நாளில் தட்டு நிறையச் சுட்டு, மிஞ்சுவதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிட்டால், மறுநாள் அதை முட்டையோடோ வெந்த பயற்றோடோ பிரட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆவியை இளம் காய் கிடைக்கும் நாளுக்கும், மைக்ரோவேவை மிகவும் களைத்து வந்த மாலைக்கும் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் காய்கறி பிடிக்காத ஒருவர் இருந்தால் ஓவனில் சுட்ட காலிஃபிளவரிலிருந்து தொடங்குங்கள். பூக்களைச் சிறிதாகப் பிரித்து, ஈரம் போகத் துடைத்து, தட்டையான பக்கம் அடியில் படும்படி அடுக்கி, பாதி நேரத்துக்குப் பிறகே திருப்பிப் போடுங்கள்.