பினாங்கு ஈரக்காற்றில் எந்தப் பழைய டெலி லென்ஸ் தாங்கும்?

பழைய மேனுவல் ஃபோகஸ் டெலி லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். என் பையில் இருப்பது நிக்கோர் 200 மி.மீ. எஃப் 4, 1977இல் நிக்கான் கொண்டுவந்த ஏ.ஐ. (ஒளித்துளை அளவைக் கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும்) வகை. அதற்குமுன் நான் பார்த்து, தொட்டு, சிலவற்றை இரவல் வாங்கிப் படமும் எடுத்தவை: கார்ல் சைஸ் ஜேனா சோனார் 135 எஃப் 3.5, அதன் ரஷ்ய உறவுக்காரரான ஜூப்பிட்டர்-37ஏ, பென்டாக்ஸின் டாகுமார் 200 எஃப் 4, நிக்கோர் 180 எஃப் 2.8 ஈ.டி., கேனன் எஃப்.டி. 200 எஃப் 2.8.

எனக்கு வேண்டியது இரண்டு காரியத்துக்கு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் காவடி எடுப்பவர்களின் முகத்தை, அவர்களைத் தொந்தரவு செய்யாமல் சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். மற்ற நாளில் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்கள், சுதைவேலை, கோயில் கோபுரப் பொம்மைகள். சியூ ஜெட்டி பக்கம் வட்டமிடும் கருடனை எடுக்கலாமா என்று கேட்டால், 200க்கு அது எட்டாது. அந்த ஆசைக்கு வேறு லென்ஸ், வேறு பட்ஜெட்.

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இவை எல்லாமே மிரர்லெஸ் கேமராவில் பொருந்தும். நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து) சென்சாருக்கு 46.5 மி.மீ., எம்42 திருகு மவுண்டுக்கு 45.46, கேனன் எஃப்.டி.க்கு 42. என் சோனியில் அது வெறும் 18. மிச்ச இடைவெளியை நிரப்ப உள்ளே கண்ணாடியே இல்லாத ஒரு வெற்று வளையம், அதாவது அடாப்டர், போதும். கூர்மையைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் இருக்கிற எதுவும் எஃப் 5.6இல் உங்களை ஏமாற்றாது. கேமரா உடலில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் மெனுவுக்குள் போய் 200 என்று நீங்களே பதிந்துவிடுங்கள். சிப் இல்லாத அடாப்டர் கேமராவிடம் எதையும் சொல்லாது. ஃபோகஸுக்கு வண்ணக்கோடு காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்பாமல், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்புங்கள். டெலியில் பீக்கிங் தாராளமாகப் பொய் சொல்லும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் பழைய லென்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பது பூஞ்சை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இதற்கு ஒரு வரி இருந்தாலே அதிகம். நமக்கோ காலையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது சாதாரணம். பூஞ்சைக்கு ஈரமும் கொஞ்சம் தூசியும் இருந்தால் போதும், கண்ணாடி மேல் வேர்விட்டுக் கிளை பிரியும். அது கக்கும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். சீக்கிரம் பார்த்துத் துடைத்தால் தடமில்லாமல் போகும். விட்டுவிட்டால் துடைத்த பிறகும் சாம்பல்நிறக் கோடு நிற்கும், எதிர்வெயிலில் படம் வெளுக்கும்.

ஆகவே நான் கேட்ட முதல் கேள்வி ‘பூஞ்சை வருமா’ என்பதல்ல. வரும். வந்தால் துடைக்க முடியுமா என்பதுதான். அதற்கு விடை லென்ஸின் விவரக் குறிப்பிலேயே இருக்கிறது. எத்தனை எலிமென்ட் (கண்ணாடி), எத்தனை குரூப் (தொகுதி) என்று போட்டிருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு கண்ணாடியும் தனித்தனி. எந்தப் பக்கத்தையும் கழற்றித் துடைக்கலாம். குரூப் எண் குறைவாக இருந்தால் எங்கோ இரண்டு கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டுக்குள் ஓரத்திலிருந்து பூஞ்சை நுழைந்தால் துணிக்கும் எட்டாது, மருந்துக்கும் எட்டாது.

நிக்கோர் 200 எஃப் 4 ஏ.ஐ. ஐந்து எலிமென்ட், ஐந்து குரூப். ஒட்டே கிடையாது. சோனார் 135 நான்கு எலிமென்ட், மூன்று குரூப். ஜூப்பிட்டர்-37ஏ அதே வம்சம், அதே கணக்கு.

சோனாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும்; பூக்கடையில் மாலை கட்டும் விரல்களை அவ்வளவு அழகாகத் தரும் லென்ஸ் இந்தப் பட்டியலில் வேறில்லை. நிறமும் எனக்கு நிக்கோரைவிடப் பிடிக்கும். நான் வாங்க இருந்த ஒன்றை, விற்பவர் சம்மதத்தோடு, கடைவீட்டு மாடியில் கேமரா பழுதுபார்க்கும் சீன அங்கிளிடம் காட்டப் போனேன். மேசை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். முன் கண்ணாடியைக் காட்டி ‘போலே’ என்றார், மலாயில் ‘முடியும்’. பின் கண்ணாடி, அதுவும் ‘போலே’. பிறகு நடுவில் ஓரமாக இருந்த, அரை அரிசி அளவு வெண்மையை நகத்தால் சுட்டினார். ‘இத்து தாக் போலே.’ அது முடியாது. ஒட்டைப் பிரித்து, துடைத்து, மையம் பிசகாமல் திரும்ப ஒட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு சோனாரே வாங்கிவிடலாம் என்று சிரித்தார். சுத்தமான சோனார் கிடைக்காது என்பதல்ல. கிடைக்கும். ஆனால் அது இங்கே இருக்கப்போகும் அடுத்த பத்து வருடத்துக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

ஒட்டில்லாத அமைப்புக்கும் ஒரு விலை உண்டு. ஒட்டை நீக்கினால் காற்றைத் தொடும் பரப்புகள் கூடும், ஒளி எதிரொளிக்கும் இடங்களும் கூடும். அந்தக் காலத்தில் கண்ணாடிகளை ஒட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். பல அடுக்குக் கோட்டிங் வந்த பிறகுதான் இது பெரிய தலைவலியாக இல்லாமல் போனது. பூஞ்சை பிடிக்கவும் பரப்புகள் கூடுதல்தான், ஆனால் எல்லாமே கைக்கு எட்டும் பரப்பு.

நிக்கோர் 180 எஃப் 2.8 ஈ.டி.யும் ஐந்துக்கு ஐந்துதான். என் அளவுகோலில் அதுவும் தேறுகிறது, படத்தரத்தில் என்னுடையதை மிஞ்சுகிறது. ஈ.டி. கண்ணாடி நிறங்களைப் பிரியவிடாது. காவடியின் வேல் நுனியில் வெயில் பட்டுத் தெறிக்கும்போது என் 200 ஊதா விளிம்பு போடும், 180 போடாது. வெள்ளித்தேர் மாலைவெளிச்சத்தில் வரும்போது அந்த எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்வு எண்ணை 3200இலிருந்து 1600ஆகக் குறைத்துத் தரும். பின் ஏன் வாங்கவில்லை? 800 கிராம் எடை, 72 மி.மீ. ஃபில்டர், விலை என்னுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். என் 200 அரைக் கிலோவைச் சற்றே தாண்டும், ஃபில்டர் 52 மி.மீ.; பழைய நிக்கோர் 50க்கு வாங்கியதே இதற்கும் ஆகும். தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படிகள். தண்ணீர்ப்பந்தல் தண்ணீர்ப்பந்தலாக மோர் குடித்துக்கொண்டு நடக்கிற எனக்கு எடைதான் பெரிதாகப்பட்டது. தோளும் காசும் உள்ளவர்கள் தயங்காமல் 180க்குப் போகலாம். அதற்கு முந்தைய, ஈ.டி. இல்லாத 180 ஐந்து எலிமென்ட், நான்கு குரூப். விற்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

டாகுமார் 200இன் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது, அது உண்மை. ஆனால் அது 2.5 மீட்டர் வரைதான் கிட்டே ஃபோகஸ் ஆகும், நிக்கோர் 2 மீட்டர் வரை ஆகும். திறந்த வெளியில் அரை மீட்டர் ஒன்றுமில்லை. கூட்டம் முதுகில் தள்ளும்போது அந்த அரை மீட்டருக்குப் பின்னால் போக இடம் இருக்காது. கேனன் எஃப்.டி. 200ஐ நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மாலை மட்டும் வைத்திருந்தேன். படம் நன்றாக வந்தது, அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல அந்த ஒரு மாலை போதாது. 1987இல் கேனன் ஈ.ஓ.எஸ். மவுண்டுக்கு மாறியதும் எஃப்.டி. அநாதையானது. அதனால்தான் நல்ல லென்ஸ்களும் மலிவாகக் கிடைக்கின்றன, அதனால்தான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்கு அதைத் திரும்ப விற்பதும் கஷ்டம்.

சிறிய சென்சார் (ஏ.பி.எஸ்.-சி.) கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உங்களுக்கு 135 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய 200 போலத் தெரியும். நிக்கோர் 135 எஃப் 3.5 ஏ.ஐ.யைத் தேடுங்கள், நான்கு எலிமென்ட், நான்கு குரூப். அதைவிட ஆசைகாட்டும் 135 எஃப் 2.8இல் ஓர் ஒட்டு உண்டு.

வாங்கும் இடத்தில் கையில் கைப்பேசி டார்ச் இருந்தால் போதும். அபெர்ச்சரை (ஒளித்துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசிப் புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கிளை பிரியும் மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சை. முழுக்க மூட்டமாகத் தெரிந்தால் கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கலாம், துடைத்தால் போகும். விளிம்பில் வானவில் நிறம் ஓடினால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். பிறகு அபெர்ச்சர் நெம்பைத் தட்டுங்கள்; இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். நம் வெயிலில் கிரீஸ் உருகி இதழுக்கு வந்திருந்தால் அவை சோம்பலாக நகரும். இணையத்தில் வாங்குபவர்கள் டார்ச் அடித்த படத்தைக் கேளுங்கள். ‘கண்ணாடி சுத்தம்’ என்று சொல்லிவிட்டு முன்வெளிச்சத்தில் எடுத்த படத்தை மட்டும் அனுப்புகிறவரிடம் பேரம் பேசுவது வீண். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலும், கோலாலம்பூர்ப் பக்கம் போனால் ஆம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தையிலும் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள், அதற்காகவே போகலாம்.

கூடவே வரும் தோல் உறையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும் பூஞ்சைக் கூடு அது. லென்ஸை டிரை கேபினெட்டில் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியில்) 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். இன்னும் கீழே இறக்கினால் கிரீஸ் காயும் என்பார்கள், நான் இறக்கிப் பார்த்ததில்லை. கேபினெட் வாங்க முடியாவிட்டால் இறுக்கி மூடும் சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், பத்து வெள்ளி (ரிங்கிட்) விலையில் ஓர் ஈரமானி போதும். ஏர்கான் அறையிலிருந்து நேராகத் தெருவுக்குப் போனால் கண்ணாடி வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டில் வைத்த பிறகு எடுங்கள்.

நான் கொடுத்தது நானூறு வெள்ளிக்குள். நீங்களும் 200க்கே போவதாக இருந்தால் அபெர்ச்சர் வளையத்தைப் பாருங்கள்: பெரிய எண்களுக்குக் கீழே சிறிய எண்வரிசை ஒன்றும் இருந்தால் ஏ.ஐ., இரண்டிலும் 32 ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அதற்குப் பின்வந்த ஏ.ஐ.-எஸ். எதுவானாலும் எடுக்கலாம். சின்ன வரிசை இல்லாத பழைய 200, பெரும்பாலும் நான்கே எலிமென்ட் கொண்ட வேறு லென்ஸ். மிரர்லெஸ்ஸில் அதுவும் மாட்டும், நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். பலவற்றில் மாட்டினால் கேமராவின் அபெர்ச்சர் நெம்பு உடையலாம்.