கான்டியோன் க்ரீக்: சர்க்கரை மிச்சமில்லாத செர்ரி பியர்

செர்ரி பியர் என்றதும் சிவப்பு சர்பத்தை எதிர்பார்த்துத் திறப்பவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். பிரஸ்ஸல்ஸின் அண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலை காய்ச்சும் செர்ரி பியரான க்ரீக்கில் இனிப்பு கிடையாது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடுகிறது. ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான்; புளிப்போ பல் கூசும் அளவுக்கு.

அடிப்படை, லாம்பிக் பியர். முளைகட்டிய பார்லியோடு சுமார் 35 சதவீதம் முளைகட்டாத கோதுமை. பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை வேண்டுமென்றே பல ஆண்டுகள் பழையதாக்கிப் போடுகிறார்கள். கசப்பு பெரும்பாலும் போய்விடும், கெடாமல் காக்கும் குணம் நிற்கும். கொதித்த தானியச் சாறு அகலமான செப்புத் தொட்டியில் ஓரிரவு திறந்து கிடக்கும். தனியாக ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் பீப்பாயிலும் இருப்பவையே நொதிக்க வைக்கின்றன. குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சுவதும் இதனால்தான்: வெயில் காலத்தில் சாறு சீக்கிரம் ஆறாது, வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த லாம்பிக்கில் முழுச் செர்ரியைக் கொட்டையோடு ஊறவிடுகிறார்கள், லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம். கடைசியில் இளம் லாம்பிக் கொஞ்சம் கலந்து புட்டியில் அடைப்பார்கள். அந்த இளசில் மிஞ்சிய சர்க்கரைதான் நுரையைக் கொடுக்கிறது. பீப்பாய்கள் பழையவை என்பதால் மரவாசமோ வெனிலா மணமோ தேட வேண்டாம். மரத்தின் வேலை, காற்றைத் துளித்துளியாக உள்ளே விடுவதும் நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுப்பதும்.

நிறம் அடர்சிவப்பு, இளஞ்சிவப்பு நுரை எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும், அது குறையல்ல. மூக்கில் முதலில் புளிச்செர்ரி, பின்னாலேயே கொட்டையிலிருந்து இறங்கிய பாதாம் வாசனை. கிளாஸ் சற்றுச் சூடேறியதும் வைக்கோலும் குதிரை லாயமும் தலைகாட்டும். அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் கைவரிசை. நாக்கில் புளிப்பு சட்டென்று ஏறி, துவர்ப்பில் முடிகிறது. நம் பேக்கரி கேக்கின் மேல் உட்காரும் ‘செர்ரி’ பெரும்பாலும் சாயம் போட்டுப் பாகில் ஊறிய களாக்காய். பாகில் விழுவதற்கு முந்தைய களாக்காயின் புளிப்பும் துவர்ப்பும்தான் இதற்குப் பக்கத்தில் வரும்.

ஐஸ் போலக் குளிர்ந்தால் பழவாசம் அமுங்கி வெறும் புளிப்பே மிஞ்சும்; 12 டிகிரி சரியாக இருக்கும். புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் படியும். சில புட்டிகளில் உலோக மூடிக்குக் கீழே கார்க்கும் இருக்கும். கார்க் எடுக்கும் திருகாணி கைவசம் இருக்கட்டும். குலுக்கிய புட்டியையும் சூடான புட்டியையும் திறந்தால் பாதி தரைக்குப் போகும். சாய்த்த கிளாஸில் ஒரே மூச்சாக ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கும். கலங்கினாலும் கெடுதல் இல்லை, சுவைதான் சற்றுக் கரடுமுரடாகும்.

குறை எது, குணம் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லாயவாசம் குணம். தொண்டையைச் சுடும் வினிகர் காரம், நெயில்பாலிஷ் நெடி இரண்டும் பீப்பாயில் காற்று அதிகமாகப் புகுந்ததன் அடையாளம். லேசாக இருந்தால் பொறுக்கலாம். விழுங்கியபின் எலிவாடை எழுந்தால் சில மாதங்கள் புட்டியை விட்டுவைக்க வேண்டும், பெரும்பாலும் தணிந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, அதற்கு வைத்தியமில்லை.

பழத்துக்காக வாங்குகிறவர்கள் ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. அதன்பின் செர்ரி பின்வாங்கி லாம்பிக் முன்னுக்கு வரும். இதே ஆலையின் ராஸ்ப்பெர்ரி வகையான ரோஸே த காம்ப்ரினஸில் பழம் இன்னும் சீக்கிரம் மங்கும். அதைச் சேர்த்து வைப்பது வீண். வேறு ஆலைகளின் க்ரீக் வாங்கும்போது லேபிளில் ‘அவுட க்ரீக்’ (பழைய க்ரீக்) என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘க்ரீக்’ என்றால் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கியது. துணைக்கு பிரஸ்ஸல்ஸ் வழக்கப்படி ரொட்டியில் தடவிய புது வெள்ளைச் சீஸும் முள்ளங்கி வில்லைகளும். சீஸின் கொழுப்பு புளிப்பை மட்டுப்படுத்தும்.