ஓபியாய்டு வலி மாத்திரையை விடுவது: எந்த வழி யாருக்கு?

மார்ஃபின், ஆக்ஸிகோடோன், டிராமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரைகளை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாள் கஷ்டப்பட வேண்டும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதை மட்டும் அளவுகோலாக வைத்தால் தவறான வழிதான் முன்னால் வந்து நிற்கும். சில மாதங்கள் கழித்தும் மாத்திரை இல்லாமல், வலியைச் சமாளித்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்தில்லாமல் இருக்க எது உதவும் என்று பார்த்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

ஓபியாய்டு தினமும் உள்ளே போகும்போது, மூளைத்தண்டில், உடலைப் பரபரப்பாக்கும் நோரட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. அந்த அடக்குதலுக்கு ஈடாக அவை வேகம் கூட்டிக்கொள்கின்றன. மருந்து திடீரென நின்றால் அந்த வேகம் மொத்தமும் வெளியே வருகிறது: வியர்வை, மயிர்க்கூச்சம், படபடப்பு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, தூக்கமின்மை. மலச்சிக்கல் கொடுத்த மருந்து போனதும் வயிற்றுப்போக்கு. மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாதவருக்கும் இவை வரும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரேயடியாக நிறுத்துவதற்கு ஒரு ஈர்ப்பு உண்டு: சீக்கிரம் முடிந்துவிடும். குறைந்த நேரம் வேலை செய்யும் மாத்திரைகள் என்றால் கடைசி வேளைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்தில் தொந்தரவு தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தணியும். மெதடோன் போன்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டுகளில் இரண்டு, மூன்று வாரம்கூட இழுக்கும். சில நாட்கள் மட்டும் மாத்திரை எடுத்தவருக்கு இது சரி. மாதக்கணக்கில் எடுத்தவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். உடல் பழகிப்போனவர்களுக்குத் திடீரென நிறுத்தியதால் கட்டுக்கடங்காத வலியும் மன உளைச்சலும் தற்கொலையும் நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் எச்சரித்தது. இன்னொரு ஆபத்து பின்னால் காத்திருக்கிறது. சில நாட்களிலேயே உடலின் தாங்குதிறன் இறங்கத் தொடங்கிவிடும். தாங்க முடியாமல் பழைய அளவை ஒருவர் மறுபடி எடுத்தால், முன்பு வலியை மட்டும் குறைத்த அதே அளவு மூச்சையே நிறுத்திவிடலாம்.

படிப்படியாகக் குறைப்பது மெதுவானது, பொறுமையைச் சோதிப்பது. ஆனாலும் வலிக்காக எடுத்துப் பழகியவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் தேர்வு. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது உடலுக்குத் தாங்கும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பலர் சறுக்குவது கடைசிக் கட்டத்தில்தான். 100 மில்லிகிராமில் 10 குறைத்தால் பத்தில் ஒரு பங்கு. 20-இல் அதே 10 குறைத்தால் பாதியே போய்விடுகிறது. அதனால் அளவு இறங்க இறங்க, அப்போதைய அளவிலிருந்து கணக்குப் போட வேண்டும். மிகக் குறைந்த அளவுக்கு வந்ததும் வேளைகளுக்கு இடையிலான நேரத்தை நீட்டலாம். ஒரு படியில் உடம்பு திணறினால் மருத்துவரிடம் பேசி அங்கேயே சில வாரம் நிற்கலாம். அது தோல்வியே அல்ல. நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை மட்டும் நீங்களாக உடைக்கவோ நசுக்கவோ வேண்டாம், முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

அறிகுறிகளை மட்டும் தணிக்கும் மருந்துகள் துணைக்கு நல்லவை. தனியாக நின்று காப்பாற்றுவது கடினம். குளோனிடின், லோஃபெக்சிடின் இரண்டும் அந்த நோரட்ரினலின் வெள்ளத்தைக் குறைத்து வியர்வையையும் படபடப்பையும் அடக்கும். ரத்த அழுத்தத்தையும் இறக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றலாம். மாத்திரை மீதான ஏக்கத்துக்கு இவை பெரிதாக உதவுவதில்லை. வயிற்றுப்போக்குக்கு லோபெரமைடு சாதாரண அளவில் சரிதான். சொன்னதைவிடப் பல மடங்கு விழுங்கிச் சமாளிக்கப் பார்த்தால் இதயத் துடிப்பு தடம்புரண்டு உயிரே போகலாம்.

குறைக்கப் பார்த்தும் முடியவில்லை, மாத்திரையைப் பற்றிய நினைப்பே நாளை ஆள்கிறது என்றால் புப்ரினார்ஃபின் என்ற மருந்தை முன்னால் வைப்பேன். மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை இது இறுக்கமாகப் பிடித்தாலும் ஓரளவுக்குத்தான் தூண்டும். அதனால் மருந்தை விடும்போது வரும் விலகல் தொந்தரவும் ஏக்கமும் அடங்கும். ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு உடையும். தொடங்கும் நேரமும் முக்கியம். பழைய மருந்து உடலில் நிறைய இருக்கும்போதே எடுத்தால், அதைத் தள்ளிவிட்டுக் கடும் விலகலை இதுவே கிளப்பும். வழக்கமாக, தொந்தரவு நன்றாகத் தெரியும்வரை, அதாவது 12 முதல் 24 மணி நேரம் காத்திருப்பார்கள். மெதடோன், ஃபெண்டானில் எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல்.

மெதடோனையே சிகிச்சை மருந்தாகக் கொடுத்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, கடுமையான சார்பிலும் நன்றாகப் பிடித்து நிறுத்தும். ஆனால் உடலில் மெல்லச் சேர்வதால் தொடக்க வாரங்களில் கவனம் வேண்டும், இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பார்க்க வேண்டும். "ஒரு போதையை விட்டு இன்னொன்றா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சால் யாரையும் நிறுத்த வைக்காதீர்கள். புப்ரினார்ஃபின், மெதடோன் இரண்டுமே 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. தொடர்ந்து எடுப்பவர்களிடம் மரணம் குறைகிறது. சில வாரத்தில் நிறுத்திவிட்டால் பழையபடி திரும்புவோர் மிக அதிகம்.

மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்லும் சிகிச்சை வேண்டவே வேண்டாம். அதில் பலன் கூடவில்லை, மரணங்கள் நடந்திருக்கின்றன.

ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன், மாத்திரையை விட்ட பிறகு திரும்பாமலிருக்க உதவுவது. ஓபியாய்டு இல்லாமல் 7 முதல் 10 நாட்கள் கடந்தபின்தான் தொடங்க முடியும்.

டிராமடாலைத் திடீரென நிறுத்தினால் வழக்கமான தொந்தரவுகளோடு கடும் பதற்றம், இல்லாதது தெரிவது போன்றவையும் சிலருக்கு வரும். கர்ப்பிணிகள் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்குப் புப்ரினார்ஃபின் அல்லது மெதடோன்தான் பரிந்துரை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையோ தினசரி மதுவோ கூடவே இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவற்றைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம். அப்புறம், எந்த வழியில் போனாலும், ஓபியாய்டு மிஞ்சி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலாக்சோன் வீட்டில் இருக்கட்டும். அதை எப்படிக் கொடுப்பது என்பது கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு தடுமாறும்போது நீங்களே அதை எடுத்துக்கொள்ள முடியாது.