பெட்ரோலை அளப்பதா, மூட்டையை ஏற்றுவதா?

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு விதி எழுதுகிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. கார்கள் பறக்க வேண்டும். ஆனால் காசுள்ள கம்பெனி ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது. இதற்குப் பல வைத்தியங்கள் நடந்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான விதிமுறைகள் இரண்டு: 1982-இல் வந்த குரூப் சி என்ற பிரிவுக்கானது, இப்போது ஓடும் ஹைப்பர்கார் என்ற பிரிவுக்கானது.

குரூப் சி விதியின் அழகே அதன் சுருக்கம்தான். கார் 800 கிலோவுக்குக் குறையக் கூடாது, டேங்க் 100 லிட்டருக்கு மேல் கூடாது, 1,000 கி.மீ. பந்தயத்துக்கு 600 லிட்டர் பெட்ரோல். எஞ்சின் எத்தனை லிட்டர், டர்போ உண்டா இல்லையா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். அரிசியை அளந்து கொடுத்தாயிற்று, சமையல் உங்கள் பாடு என்கிற மாதிரி. அதனால்தான் போர்ஷேயின் சின்ன டர்போ எஞ்சினும், ஜாகுவாரின் 7 லிட்டர் வி12-உம், மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினும் ஒரே தடத்தில் ஓடின. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்தக் கார் என்று சொல்லிவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. 1982-இல் போர்ஷே 956 கார்கள் 1, 2, 3 என்ற எண்களோடு இறங்கி, அதே வரிசையில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. அடுத்த வருடம் முதல் பத்தில் ஒன்பது போர்ஷே! ரசிகர்களுக்கு வேறொரு எரிச்சலும் இருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, வளைவு வருமுன்பே ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள், இதெல்லாம் ஒரு ரேஸா என்றார்கள்.

எனக்கு அதுதான் ரேஸ். 1985-இல் 24 மணி நேரத்துக்கான ஒதுக்கீட்டை 2,600 லிட்டரிலிருந்து 2,210-ஆகக் குறைத்தார்கள். அந்த வருடம் போர்ஷேயின் சொந்த அணியைத் தோற்கடித்தது, அதே கம்பெனியிடம் கார் வாங்கி ஓட்டிய யோஸ்ட் என்ற தனியார் அணி. அதுவும் முந்தைய வருடம் ஜெயித்த அதே காரை வைத்துக்கொண்டு. தொடக்கத்தில் இன்னொரு தனியார் காரோடு மாறி மாறி ஒட்டிப் போய், முன்னால் போகிற கார் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் பெட்ரோலை மிச்சம் பிடித்தார். பண பலம் வேறு, அளந்து செலவழிக்கிற சாமர்த்தியம் வேறு.

இந்த விதி தானாகச் சாகவில்லை. 1991 முதல் ஃபார்முலா ஒன் பாணியில் 3.5 லிட்டர் எஞ்சினுக்கு எல்லோரையும் தள்ளினார்கள். செலவு எகிறியது, 1992 லெ மானில் புறப்பட்டவை 28 கார்கள்தான். இந்தக் கார்கள் ஓடிய உலக சாம்பியன்ஷிப்பும் அந்த வருடத்தோடு முடிந்தது. 2014-இல் ஹைப்ரிட் கார்களுக்கு, ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரிபொருள் என்று பழைய யோசனை திரும்பி வந்தது. அருமையான கார்கள், ஆனால் செலவு தாங்கவில்லை. ஆடியும் போர்ஷேயும் அடுத்தடுத்து விலக, டொயோட்டா மட்டும் மிஞ்சியது.

அப்புறம்தான் ஹைப்பர்கார். இதில் ஒவ்வொரு மாடலுக்கும் எடையும் சக்தியும் அதிகாரிகள் கையில். வேகமாக ஓடுகிற காருக்குச் சுமை ஏற்றி, சக்தியைக் குறைத்துச் சமன் செய்வார்கள். சக்கரத்துக்குப் போகும் சக்தியை அளக்க அச்சிலேயே சென்சார் இருக்கிறது, ஏமாற்றுவது சுலபமில்லை. பலன் கண்கூடு: 2024-இல் லெ மானுக்கு வந்த ஹைப்பர்கார்கள் மட்டும் 23.

சரி, இந்தச் சமன் கணக்குக்குக் கொடுக்கிற விலை என்ன? 2023 லெ மானுக்குச் சில நாட்கள் முன்னால் டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் கூட்டினார்கள். நம் ஊர்க் கணக்கில் ஃபெராரிக்கு ஒரு சிப்பம் அரிசி, டொயோட்டாவுக்கு ஒன்றரை. ஐம்பது வருடம் கழித்து முதன்மைப் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி ஜெயித்தது. டொயோட்டா ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவது. துரத்திக்கொண்டிருந்த டொயோட்டா, கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் ஆர்னாஜ் வளைவில் தடுமாறித் தடுப்பில் இடித்தது. தோற்றது அந்தத் தடுமாற்றத்தாலா, கூடுதல் 13 கிலோவாலா? குரூப் சி காலத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றவன் யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே ஜெயித்தவனுக்கும் சந்தேகத்தின் நிழல் விழுகிறது.

புதிதாக வருகிற கம்பெனிக்கு ஹைப்பர்கார் விதிதான் லாபம், அதை மறுக்கவில்லை. எனக்குக் கொடுத்தால் 1985-இன் 2,210 லிட்டரைத்தான் எடுத்துக்கொள்வேன். டொயோட்டாக்காரர்களிடம் எதை எடுப்பார்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் இந்தச் சமன் கணக்கைப் பற்றி அணிகள் வெளியே வாய் திறக்கவே கூடாது என்று அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.