போலிக் குரல்: மென்பொருளா, திருப்பிக் கூப்பிடுவதா?

பாரிமுனை மொத்தக் கடைக் கணக்கருக்கு முதலாளி குரலிலேயே போன்: “உடனே பணம் போட்டு விடுப்பா.” பேசுவது அவராக இல்லாமலும் இருக்கலாம்; ஏஐ சில நொடிப் பதிவிலிருந்தே குரலை நகலெடுக்கும். 2024-இல் ஹாங்காங்கில் போலி வீடியோ காலை நம்பி ஒரு நிறுவன ஊழியர் அனுப்பியது சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர்.

போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குச் சந்தா உண்டு. போனில் ஒலி தேய்ந்து வருவதால் தவறவும் செய்யும். பெரிய நிறுவனத்துக்குக் கூடுதல் காவலாக இருக்கட்டும்.

சின்னக் கடைக்கு என் ஓட்டு திருப்பிக் கூப்பிடுவதற்கே. போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சேமித்த எண்ணுக்கு நாமே கூப்பிடுவது. அப்புறம், பெரிய தொகைக்கு இன்னொருவர் ஒப்புதல். செலவே இல்லை. ஆனால் முதலாளி அவசரப்படுத்தினால் கணக்கர் தயங்குவார். அதனால் “நானே கேட்டாலும் சரிபார்” என்று முதலாளிதான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.