ஆயிரத்து சொச்சம் ரூவா இயர்பட்ஸ், மூணு மாசம் யூஸ் பண்ணதுல

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குனேன், பிராண்டு பேரு வேணாம். சவுண்டு ஓகே, பேஸ் கொஞ்சம் ஓவரு, பேட்டரியும் பரவால்ல. பிரச்சனையே கனெக்‌ஷன்தான்.

முதல் வாரம் மூடிய தொறந்ததும் போன்ல தானா ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஒரு நாள் லேப்டாப்லயும் கனெக்ட் பண்ணேன், அதுலேர்ந்து போன்ல கேட்டா லேப்டாப்புக்கு ஓடுது, ஒரே நேரத்துல ரெண்டுலயும் நிக்கிற மல்டிபாயின்ட் இதுல இல்லையாம், பாக்ஸ்ல எங்கயும் போடல. இப்பல்லாம் லேப்டாப்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணிட்டுதான் போன்ல பாட்டு போடுறேன்.

ரெண்டாவது மாசம் இடது பக்கம் செத்துப்போச்சு. போன்ல 'ஃபர்கெட்' குடுத்து பழைய கனெக்‌ஷன அழிச்சு, ரெண்டு பட்ஸையும் சார்ஜிங் கேஸ்ல வச்சு, பட்டன பத்து செகண்டு அமுக்கி ரீசெட் பண்ணி மறுபடி கனெக்ட் பண்ணேன், ரெண்டு நாள் தாங்குச்சு, திரும்ப அதே கதை. கடைசில பாத்தா கேஸுக்குள்ள இருக்குற பித்தளை கலர் பின்னுல காதழுக்கு படிஞ்சு இடது பக்கம் சார்ஜே ஏறல! காஞ்ச காட்டன் பட்ஸால துடைச்சேன், சரியாயிடுச்சு. சர்வீஸ் சென்டர்காரரு பாக்காமலே 'போர்டு போச்சு சார்'னாரு.

எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போன் பின்பாக்கெட்ல இருந்தா விட்டு விட்டு கேக்குது. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, நம்ம உடம்பு தண்ணி அந்த சிக்னல உறிஞ்சிடும், சட்டைப்பையில வச்சா சரியாகுது.

அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த ரீசெட் கூத்து இல்லன்னா நாலு குடுத்திருப்பேன்.