கான்ஃபிக் ஃபைலை எங்கே போய்த் தேடுவது?

ஃபைல்களைத் தேடவும் அழிக்கவும் ஒரு கமாண்ட்லைன் கருவி எழுதுகிறோம். ஒரே ஆப்ஷன்களைத் தினமும் தட்டி அலுத்துப்போன யாராவது, அவற்றை ஒருமுறை எழுதிவைத்துவிட ஒரு கான்ஃபிக் ஃபைல் கேட்பார்கள். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வம்பு தொடங்கும்.

பழைய வழி, ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபைல். புள்ளி வைத்தால் மறையும் என்பதே, "." (இதே டைரக்டரி) மற்றும் ".." (மேல் டைரக்டரி) இரண்டையும், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் காட்டாமலிருக்கப் போட்ட குறுக்குவழியின் பக்கவிளைவு என்று பெல் லேப்ஸின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். அந்த விபத்தின் பலனாக இன்று நம் ஹோம் குப்பைமேடாகக் கிடக்கிறது.

இதற்கு மாற்று, எந்த வகை ஃபைலை எங்கே வைப்பது என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறை. அதற்கான சூழல் மாறி (புரோகிராம்கள் படிப்பதற்காக ஷெல்லில் வைக்கும் மதிப்பு) காட்டும் இடத்தில் தேட வேண்டும், அது காலியாக இருந்தால் ஹோமுக்குள் ".கான்ஃபிக்". மாறியில் சார்புப் பாதை (நிற்கும் டைரக்டரியிலிருந்து கணக்கிடும் பாதை) இருந்தால் மதிக்கக் கூடாது. இதை மறந்தால், நிற்கும் டைரக்டரிக்கு ஏற்ப கான்ஃபிக்கும் மாறிக்கொண்டிருக்கும். மேக்கில் மட்டும் ஒரு குழப்பம்: கோ மொழியின் நூலகம் அங்கே "அப்ளிகேஷன் சப்போர்ட்" ஃபோல்டரைக் கைகாட்டுகிறது. டெர்மினலிலேயே குடியிருப்பவர் அங்கே எட்டிப்பார்க்க மாட்டார். நானாக இருந்தால் மேக்கிலும் ".கான்ஃபிக்" தான்.

மூன்றாவது, நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறி ஏறித் தேடுவது. எடிட்டர்களுக்குக் கோடிங் பாணியைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் அப்படித்தான் செய்கிறது; ஃபைலில் "ரூட் = ட்ரூ" என்ற வரியைக் கண்டதும் நின்றுவிடும். புராஜெக்ட் கருவிக்கு அருமையான வழி. ஃபைல் சிஸ்டம் கருவிக்கோ விஷப்பரீட்சை. ஹோமில் நின்றபடி வேறொரு டிஸ்க்கை அலசச் சொன்னால் எங்கிருந்து ஏறுவது? ஒரே கமாண்டில் இரண்டு டைரக்டரி கொடுத்தால்? சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்பு) வழியாக உள்ளே வந்திருந்தால்? அதைவிட மோசம், யாரோ அனுப்பிய ஸிப்பைப் பிரித்துச் சோதிக்கும்போது உள்ளிருக்கும் கான்ஃபிக்கே "இவற்றைக் காட்டாதே" என்று கருவிக்கு உத்தரவு போடலாம். திருடனிடமே சாவி கொடுத்த கதை. கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி இதில் நன்றாகவே அடிபட்டது. பலர் பகிரும் கணினியில் மேல் டைரக்டரி ஒன்றில் இன்னொருவர் ".கிட்" ஃபோல்டர் வைத்துவிட்டால், அதிலுள்ள கான்ஃபிக் வழியே அவருடைய கமாண்ட் நம் கணக்கில் ஓடும். 2022 ஏப்ரலில் வந்த கிட்டின் 2.35.2 பதிப்புதான் டைரக்டரியின் உரிமையாளரைச் சரிபார்க்கத் தொடங்கியது.

நான்காவது, ஃபைல்களுக்குள் சொற்களைத் தேடும் ரிப்கிரெப் கருவியின் பிடிவாதம். தானாக எங்கும் தேடாது. சூழல் மாறியில் பாதையைச் சொன்னால் மட்டுமே படிக்கும். "நோ-கான்ஃபிக்" கொடுத்தால் அதையும் படிக்காது, ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இது வரம். புதியவர் கண்ணில் படாது என்பது குறை. நிர்வாகி உரிமை தரும் சுடோவுடன் ஓட்டினால் அந்த மாறி பொதுவாகக் கழன்றுவிடும் என்பது இன்னொன்று.

அழிக்கவும் தெரிந்த கருவி என்பதால் என் வரிசை இது: முதலில் ஃபிளாக் (ஃபைலின் பாதையைக் கமாண்டிலேயே சொல்லும் ஆப்ஷன்), பிறகு சூழல் மாறி, கடைசியாக எக்ஸ்டிஜி. அலசப்படும் டைரக்டரிக்குள் தேடவே கூடாது. முதலில் கிடைத்த ஃபைலோடு நிறுத்திவிட வேண்டும். கிட் மாதிரி பல அடுக்குகளைக் கலந்தால், எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டவே "ஷோ-ஆரிஜின்" என்று தனி ஆப்ஷன் தேவைப்படும். ஃபிளாக்கில் சொன்ன ஃபைல் அங்கே இல்லையென்றால் சத்தமில்லாமல் அடுத்ததுக்குத் தாவாமல், பிழை காட்டி நின்றுவிட வேண்டும்.